நாகர்கோவிலில் இருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு எங்கே போவது: ஆர்.சி.சி.யா, அடையாறா, உள்ளூரா?

அம்மாவுக்கு மார்பில் கட்டி, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி சொல்கிறார்கள், எதைக் கேட்பது என்கிறீர்கள். என் மாமிக்கும் இதே நோய்தான், கூடவே அலைந்தவன் நான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் முடிக்க வேண்டும் என்றில்லை. சிகிச்சையைத் திட்டமிடுவதும் ஆபரேஷனும் பெரிய மையத்தில், வாரக்கணக்கில் இழுப்பது வீட்டுப் பக்கத்தில். என் கட்சி இதுதான்.

பெரிய மையம் என்றால் நமக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையம், அதாவது ஆர்.சி.சி.தான் பக்கம். 1981இல் தொடங்கியது. களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஆட்கள்தானே நாம், மலையாளம் பெரிய சிக்கல் இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது, அதன் தரத்தில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் சென்னை இங்கிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அங்கே தங்க வீடும் துணைக்கு ஆளும் இருந்தால் யோசியுங்கள்.

அதைவிட முக்கியம், அவசரப்பட்டு எங்கேயும் கத்தி வைக்க விடாதீர்கள். மாமியை முதலில் காட்டிய இடத்தில், "கட்டிய எடுத்துடுவோம், டெஸ்ட் அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். முதலில் ஊசி பயாப்சி (ஊசியால் கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது), அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 (கட்டி எந்த வகை என்று காட்டும் சோதனைகள்) முடிவுகள் வரட்டும். அவற்றைப் பார்த்து சிலருக்குக் கீமோவை முன்னால் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்கள். பயாப்சி பிளாக்கையும் (அந்தத் துணுக்கைப் பதித்த மெழுகுத் துண்டு) ஸ்லைடையும் (அதிலிருந்து சீவி எடுத்து ஒட்டிய கண்ணாடித் தகடு) கேட்டு வாங்கி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரி போனால் அதையே மறுபடி பார்த்துச் சொல்வார்கள்.

ரேடியேஷன் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், பல வாரம். மெஷினில் படுப்பது சில நிமிடம், மிச்சப் பொழுதெல்லாம் பஸ்ஸிலும் வராந்தாவிலும் போகும். அதற்கு நெய்யூரில் சி.எஸ்.ஐ. நடத்தும் புற்றுநோய் மையம் இருக்கிறது. (எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் வேலை பார்த்த அதே நெய்யூர்தான்.) "இதை ஊரிலேயே எடுக்கலாமா, என்ன மெஷின் வேண்டும்?" என்று பெரிய மையத்து டாக்டரிடமே கேளுங்கள். சரி என்றால் எழுதி வாங்குங்கள்.

பணம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா என்பதை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இன்னொன்று. கீமோ ஆரம்பித்தபின் 100.4 டிகிரிக்குக் காய்ச்சல் போனால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரியில் திருவனந்தபுரம் ஓட முடியாது. பக்கத்தில் எங்கே சேர்ப்பது என்று இப்போதே பேசி, கேஸ் ஷீட் நகல் ஒன்றை அங்கே கொடுத்து வையுங்கள்.