எடிசனிலிருந்து சாட்டனூகாவுக்கு: வீட்டு விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் பத்து ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவருக்கு நியூயார்க் கம்பெனி ஒன்றில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது. நான் எச்-4 என்ற குடும்ப விசாவில், ஈஏடி என்ற வேலை அனுமதியோடு நியூஜெர்சி மருந்துக் கம்பெனியில் கிளினிக்கல் டேட்டா வேலை பார்க்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலர்; அதில் என்னுடையது 70,000. இரண்டு கம்பெனியிலும் "எங்கிருந்து வேலை பார்த்தாலும் சரி" என்கிறார்கள். டென்னசியின் சாட்டனூகாவில் 4 லட்சம் டாலருக்குத் தோட்டத்தோடு வீடு கிடைக்கிறது, மாநில வருமான வரியும் இல்லை. மூத்தவள் எட்டாம் வகுப்பு, இந்தியாவில் பிறந்தவள். இளையவன் மூன்றாம் வகுப்பு, இங்கே பிறந்தவன். மாமியார் ஆண்டுக்கு ஆறு மாதம் கும்பகோணத்திலிருந்து வந்து இருப்பார். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் வரும் ஜூனில், வாடகை வீட்டுக்கு, இரண்டு கம்பெனிகளிடமும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம். நீங்கள் வீட்டு விலையிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் விசாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாங்கிய வீட்டை நஷ்டத்துக்காவது விற்றுவிடலாம். விசாவில் விழுந்த ஓட்டையை அப்படி அடைக்க முடியாது.

எச்-1பி மனு ஒரு குறிப்பிட்ட பணியிடத்துக்காகப் போடப்படுவது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அந்த வீடுதான் பணியிடம். எடிசனுக்குள் வீடு மாறினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வேறொரு பெருநகர வட்டாரத்துக்குப் போனால், 2015இல் வந்த சிமியோ தீர்ப்பின்படி, போகும் முன்பே திருத்த மனு போட வேண்டும். அதற்கு முதலில் சாட்டனூகா முகவரிக்குப் புதிய எல்சிஏ (தொழிலாளர் துறையின் சம்பள, பணியிடச் சான்று) வாங்க வேண்டும். தொழிலாளர் துறை அதை முடிக்க 7 வேலை நாள். திருத்த மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் அங்கே வேலையைத் தொடங்கலாம், ஒப்புதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிழை நடப்பது இதற்கு முந்தைய கட்டத்தில்: மேலாளர் "சரி" என்றதை நம்பி லாரி ஏற்றிவிடுகிறார்கள், சட்டப் பிரிவுக்குச் செய்தியே போவதில்லை. மேலாளரின் சம்மதம் விசாவுக்குச் செல்லாது. மனு போய்ச் சேர்ந்த ரசீது எண் கைக்கு வரும்வரை எடிசன் லீஸை முடிக்காதீர்கள். குடிபோன 10 நாளுக்குள் நீங்கள், கணவர், மகள் மூவரும், மாமியார் அப்போது இங்கிருந்தால் அவரும், ஏஆர்-11 முகவரி மாற்றத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்தது பெர்ம், அதாவது கிரீன் கார்டின் முதல் படியாகத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று. அது ஒரு வேலைக்கும் ஒரு வட்டாரத்துக்கும் மட்டுமே செல்லும். உங்கள் கணவரின் பெர்ம் விண்ணப்பத்தில் பணியிடம் நியூயார்க் என்று மட்டும் இருந்து, அவர் நிலையாகச் சாட்டனூகாவில் இருக்கப்போகிறார் என்றால், பெர்மும் ஐ-140யும் புதிதாகத் தொடங்க வேண்டிவரும். பழைய பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) போய்விடாது. ஆனால் இன்னொரு முறை ஓராண்டுக்கு மேல் ஆகும், செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். விண்ணப்பத்திலேயே "அமெரிக்காவில் எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐ-485 என்ற கடைசிக் கட்ட கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு 180 நாள் தாண்டியவர்களுக்கும் இது பெரிய கவலையில்லை, உங்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே கம்பெனி வழக்கறிஞரிடம் பெர்ம் நகலைக் கேட்டு வாங்கி, பணியிடப் பகுதியை நீங்களே படியுங்கள். "தேவைப்பட்டால் புதிய பெர்ம் தொடங்குவோம், இந்த மாதத்துக்குள்" என்று ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 60 நாள் விதி. எச்-1பியில் வேலை போனால் அடுத்த மனு போட அதிகபட்சம் 60 நாள்தான். எடிசனைச் சுற்றி ஒரு மணி நேர ரயில் தூரத்தில் விசா மனு போட்டுப் பழகிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சாட்டனூகாவில் யூனம், டென்னசி புளூகிராஸ் புளூஷீல்டு என்ற இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள், 2011இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் ஆலை, டிவிஏ மின்வாரியம், எர்லாங்கர் மருத்துவமனை, சில லாரிப் போக்குவரத்து நிறுவனங்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல ஊர், நல்ல நிறுவனங்கள். ஆனால் 60 நாளில் இவற்றில் ஒன்றில் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்லாண்டாவுக்கோ நியூஜெர்சிக்கோ திரும்பத்தான் வேண்டும். முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள் என்று சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். 4 லட்சம் டாலர் வீட்டை அவசரமாக விற்றால் தரகு, பத்திரச் செலவு என்று 25,000 டாலருக்கு மேல் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் "60 நாள் முன்னறிவிப்பும் இரண்டு மாத வாடகையும் கொடுத்தால் இடையில் காலி செய்யலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

வரிக்கு வருவோம். டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அந்த லாபம் வராது. நியூயார்க் கம்பெனிக்காகத் தன் வசதிக்காக வெளி மாநிலத்தில் இருந்து வேலை செய்பவரிடமும் நியூயார்க் வரி வாங்குகிறது. இப்போது அவர் நியூயார்க்குக்குக் கட்டுவதை நியூஜெர்சி வரியில் கழித்துக்கொள்கிறீர்கள். டென்னசியில் கழித்துக்கொள்ள மாநில வரியே இல்லை, நியூயார்க் வரி மட்டும் அப்படியே தொடரும். கம்பெனி தன் தேவைக்காகவே அவரை அங்கே அமர்த்தினால் நிலை வேறு, ஆனால் அதை நிரூபிப்பது கடினம். உங்கள் சம்பளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை: டென்னசியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு நியூஜெர்சி வரி போடாது. 2 லட்சத்துக்கு நியூஜெர்சி வரி ஏறக்குறைய 8,700 டாலர். அதில் உங்கள் பங்கு சுமார் 3,000. மிச்சமாவது இந்த 3,000 மட்டுமே.

அதில் விற்பனை வரி கொஞ்சம் தின்னும். சாட்டனூகாவில் அது 9.25 சதவீதம், நியூஜெர்சியில் 6.625. நியூஜெர்சியில் அரிசி பருப்புக்கும் துணிமணிக்கும் வரியே இல்லை. சாட்டனூகாவில் மளிகைக்கு 6.25 சதவீதம், துணிக்கு முழு வரி. மாதம் 1,000 டாலர் மளிகை வாங்கினால் ஆண்டுக்கு 750 டாலர் அங்கேயே போயிற்று. எடிசனில் ஒரு காரோடு சமாளிக்கிறீர்கள் என்றால் அங்கே இரண்டாவது கார் கட்டாயம். தவணை, காப்பீடு, எரிபொருள் சேர்த்து ஆண்டுக்கு 6,000 டாலருக்குக் குறையாது. ஆக, வரியில் லாபம் இல்லை; உண்மையான லாபம் இருப்பிடச் செலவில்தான். சொத்து வரியிலும் நிம்மதி உண்டு. நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தொட்டுவிட்டது. டென்னசியில் வீட்டின் மதிப்பில் 25 சதவீதத்துக்கு மட்டும் வரி விதிக்கிறார்கள், அதாவது 4 லட்சம் வீட்டுக்கு 1 லட்சத்தின் மேல். நகர எல்லைக்குள் இருந்தால் ஹாமில்டன் கவுண்டி வரியோடு நகர வரியும் சேரும். வீட்டுக் காப்பீட்டில் மட்டும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்பது. அது 2 சதவீதம் என்றால் கூரை போனால் முதல் 8,000 டாலர் உங்களுடையது.

மூத்தவளைப் பற்றி. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் கோடை, மாறுவதற்குக் கடைசி நல்ல வாசல். ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி புதிது. பத்திலும் பதினொன்றிலும் போனால் அவள் மட்டும் புதியவள். நியூஜெர்சிப் பள்ளி ஜூன் கடைசி வாரம் வரை இழுக்கும், ஹாமில்டன் கவுண்டியில் ஆகஸ்டிலேயே திறந்துவிடுவார்கள். இடையில் ஆறேழு வாரம்தான். அதற்குள் முகவரிச் சான்று வேண்டும், டென்னசிப் படிவத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் (நியூஜெர்சி மருத்துவரின் பதிவு மட்டும் போதாது), உடல் பரிசோதனையும் வேண்டும். எந்தப் பள்ளி என்பது முகவரியைப் பொறுத்தது. ஒரே சாலையின் எதிர்ப்பக்கம் வேறு பள்ளிக்குப் போகலாம். வாடகைக்குக் கையெழுத்துப் போடும் முன் கவுண்டியின் தேடலில் கதவு எண்ணோடு பாருங்கள். மேக்னெட் பள்ளிகளுக்கு (சிறப்புப் பாடத்திட்ட அரசுப் பள்ளிகள்) விண்ணப்பம் முந்தைய கல்வியாண்டிலேயே முடிந்துவிடும், இப்போதே விசாரியுங்கள். வசதியுள்ள உள்ளூர்க் குடும்பங்களில் பலர் பேய்லர், மெக்காலி, ஜிபிஎஸ் போன்ற தனியார் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கட்டணத்தைப் பார்த்தால் மிச்சம் பிடிக்கும் கணக்கே தலைகீழாகும். அவள் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருந்தால் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட விவரத்தையும் வாங்கிச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அதையே மறுபடி படிக்க வைப்பார்கள்.

"டென்னசியில் கல்லூரி இலவசம்" என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு திருத்தம். மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகைக்கு ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி நிதியுதவி விண்ணப்பம் போட வேண்டும். எச்-4இல் இருக்கும் மகளுக்கு அந்தத் தகுதி இல்லை. இளையவனுக்கு உண்டு. அவளுடைய கல்லூரிச் செலவுக்கு இந்த இடமாற்றத்தை நம்பாதீர்கள்.

மாமியாரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். எடிசனில் ஓக் ட்ரீ ரோடு இருக்கிறது. முருங்கைக்காய் வாங்கலாம், வழியில் நாலு பேரிடம் தமிழில் பேசலாம். சாட்டனூகாவின் புறநகர்த் தெருக்கள் பலவற்றில் நடைபாதையே இல்லை. காலையில் நீங்கள் இருவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலை, பிள்ளைகள் பள்ளி என்றானால், அவர் ஆறு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பெரிய கோயில் என்றால் அட்லாண்டாவின் ரிவர்டேல் கோயில் அல்லது நாஷ்வில் கணேசர் கோயில்; இரண்டுக்கும் காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தமிழ்ச் சங்கம், பள்ளி எல்லாம் பெரும்பாலும் அட்லாண்டாப் பக்கம். இந்தியாவுக்கு விமானமும் அட்லாண்டாவிலிருந்துதான், இந்தியத் துணைத் தூதரகமும் அங்கேதான். ஒரு நல்ல செய்தி: புறநகரான காலேஜ்டேலில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நிறைய, அவர்களில் பலர் சைவம் சாப்பிடுபவர்கள். அங்கே சைவ உணவு அன்னியமாக இருக்காது, சனிக்கிழமை கடை மூடியிருக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ஊரில் முதல் சந்திப்பிலேயே "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது வரவேற்பின் ஒரு வகை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இணையத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சாட்டனூகாவின் நகர மின் நிறுவனமான இபிபி 2010இலேயே ஊர் முழுக்க ஜிகாபிட் இணைப்பு கொடுத்துவிட்டது. தெற்கே ஜார்ஜியா எல்லைக்குள் ரிங்கோல்டு பக்கம் வீடு இன்னும் மலிவு என்று தரகர் காட்டினால், அங்கே மாநில வருமான வரி உண்டு என்பதை நினையுங்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒன்று பிப்ரவரியில் நான்கு வேலை நாள். மற்றொன்று வசந்த விடுமுறையில் பிள்ளைகளோடும், முடிந்தால் மாமியாரோடும். சுற்றுலாவாகப் போகாதீர்கள். காலை 7.30க்கு ஈஸ்ட் பிரெய்னர்டிலிருந்து நகர மையத்துக்கு ஐ-75, ஐ-24 வழியே ஓட்டுங்கள். லாரிகள் நெரியும் அந்தச் சந்திப்பு எப்படியென்று தெரிய வேண்டும். வழக்கமான மளிகைப் பட்டியலோடு கடைக்குப் போய், எது கிடைக்கவில்லை என்று குறியுங்கள். மாமியாரின் மருந்துகளைக் காட்டி ஒரு மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். எத்தனை வாரம் கழித்துத் தருகிறார்கள் என்பதே பதில்.

வாடகைக்குப் பார்க்கும் வீட்டில் சூறாவளி (டொர்னேடோ) எச்சரிக்கை வந்தால் எங்கே போய் உட்காருவது என்று கேளுங்கள். 2020 ஏப்ரல் 12 இரவில் ஈஸ்ட் பிரெய்னர்ட் பகுதியையே சூறாவளி கிழித்துப்போட்டது. நிலவறை (பேஸ்மென்ட்) இல்லாத வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றாவது வேண்டும், தலைமாட்டில் வானிலை ரேடியோவும். ஓராண்டு கழித்து வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. தரைக்கடியில் தவழ்ந்து போகும் இடத்தில் மண்மேல் 6 மில் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு முழுமையாக இருக்கிறதா, மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழா, கரையான் தடுப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரிக்குக் கீழா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடையோரம் என்றால் வெள்ள வரைபடம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. செப்டிக் டேங்க் வீடு என்றால் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். மூன்று படுக்கையறைக்கு அனுமதி வாங்கிவிட்டு நான்கறை வீடு என்று விளம்பரம் செய்வது அங்கே அடிக்கடி நடக்கும், மாமியாரோடு ஐந்து பேர் தங்கும் உங்கள் மாதங்களில் தொட்டி நிரம்பி வழியும்.

குடிமாறும் செலவைக் கம்பெனி கொடுத்தால் அது சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். அந்த வரியையும் சேர்த்துத் தரக் கேளுங்கள். இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்கணக்கு இப்படி: மார்ச்சுக்குள் உங்கள் கம்பெனியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் (டென்னசியில் சம்பளப் பதிவு செய்ய அவர்கள் சம்மதிக்க வேண்டும்) கணவரின் வழக்கறிஞர் பதிலும். ஏப்ரலில் வாடகை வீடு. மே மாதத்தில் எல்சிஏ, திருத்த மனு. பள்ளி முடிந்ததும் லாரி. மார்ச் கடைசியில் அந்த இரண்டு கடிதங்களில் ஒன்று வரவில்லையென்றால் எடிசன் லீஸைப் புதுப்பித்துவிட்டு, மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை இந்தப் பேச்சை ஒத்திவையுங்கள்.