மருத்துவத் துறைக்கான ஏஐ போட்டிகள்: கேள்வியும் பதிலும்

மருத்துவத் தரவை வைத்து நடக்கும் செயற்கை நுண்ணறிவுப் போட்டிகளை வடிவமைப்பது, மதிப்பெண் விதிகளை எழுதுவது, நடுவராக இருப்பது எல்லாம் என் வேலை. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரு வரியில்.

சுகாதாரத் துறை அதிகாரி: எங்கள் துறை ஒரு போட்டி நடத்த நினைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மூன்று வரியிலிருந்து. மாடல் (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மென்பொருள்) சொல்வதை யார் பார்ப்பார்? எப்போது பார்ப்பார்? பார்த்ததும் என்ன செய்வார்? இந்த மூன்றையும் எழுத முடியவில்லையென்றால் பரிசை அறிவிக்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய தொகை மட்டும் போதாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஹெல்த் பிரைஸ் தொடங்கியது. பரிசு 30 லட்சம் டாலர். பழைய காப்பீட்டுப் பதிவுகளை வைத்து, ஒருவர் அடுத்த ஆண்டு எத்தனை நாள் மருத்துவமனையில் இருப்பார் என்று கணிக்க வேண்டும். 2013-இல் முடிந்தபோது, அறிவித்திருந்த துல்லியத்தை யாருமே எட்டவில்லை. முதலிடம் வந்த அணிக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சரி, எட்டியிருந்தால்? "இவர் மூன்று நாள் இருப்பார்" என்று ஒரு எண் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு செவிலியர் என்ன செய்வார்? யாரை அழைப்பது, எந்த மருந்தைச் சரிபார்ப்பது என்று அந்த எண் சொல்லாது.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்பு 2019-இல் அறிவித்த போட்டி ஒரு படி மேலே போனது. திட்டமிடாத மருத்துவமனை அனுமதிகளைக் கணித்தால் மட்டும் போதாது, அந்தக் கணிப்பை மருத்துவருக்குப் புரியும்படி விளக்கவும் வேண்டும் என்று விதியிலேயே சேர்த்தார்கள். 2021-இல் குளோஸ்டுலூப் நிறுவனம் 10 லட்சம் டாலர் வென்றது. பயன்படுத்தப் போகிறவரை மனதில் வைத்துக் கேட்ட கேள்வி அது.

கல்லூரி மாணவர்: இந்த மாதிரிப் போட்டிகளில் எந்த மாடல் ஜெயிக்கும்?

தரவைப் பொறுத்தது. முதலில் தரவை உட்கார்ந்து பாருங்கள், மாடலை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

மருத்துவமனைத் தகவல் பிரிவு ஊழியர்: நோயாளிகளின் தரவை வெளியே கொடுக்காமல் போட்டி நடத்த வழி உண்டா?

உண்டு. தரவை அணிகளிடம் அனுப்பாமல், அணிகளின் மாடலைத் தரவு இருக்கும் இடத்துக்கு வரவழைப்பதுதான் அது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படங்களுக்காக நடந்த ட்ரீம் சேலஞ்ச் என்ற போட்டி இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அணிகள் தங்கள் நிரலை ஒரு பொட்டலமாக அனுப்பின. அமைப்பாளர்கள் தங்கள் கணினிகளிலேயே பயிற்சி கொடுத்து, சோதித்து, மதிப்பெண்ணை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவில் 85,580 பெண்களின் படங்கள், பிறகு ஸ்வீடனில் 68,008 பெண்களின் படங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் வைத்திருந்த இந்தப் படங்கள் அணிகளின் கைக்குப் போகவில்லை.

முடிவும் கவனிக்க வேண்டியது. கதிரியக்க மருத்துவர்கள் கண்டுபிடிக்கும் அதே அளவு புற்றுநோயைக் கண்டுபிடிக்க வைத்தால், நோயில்லாதவர்களைச் சரியாக விலக்குவதில் அமெரிக்கத் தரவில் முதலிடம் வந்த மாடல் 66.2 சதவீதம்தான் எடுத்தது. மருத்துவர்கள் 90.5. ஆனால் சிறந்த மாடல்களை ஒன்றுசேர்த்து மருத்துவரின் கருத்தோடும் இணைத்தபோது 92.0 ஆனது. தனியாக ஒரு வெற்றியாளரை மட்டும் தேடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இன்னொரு மாணவர்: விலையுயர்ந்த கணினி இல்லாமல் கலந்துகொள்ள முடியுமா?

முடியும். அட்டவணைத் தரவு (படங்கள் இல்லாமல், வரிசையாக எழுதிய எண்களும் குறிப்புகளும்) இருக்கும் போட்டிகளில் தொடங்குங்கள்.

தீவிர சிகிச்சை மருத்துவர்: போட்டியில் வென்றது என்று சொல்லி செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை மென்பொருள் ஒன்றை எங்களிடம் விற்க வருகிறார்கள். நம்பலாமா?

உங்கள் வார்டில் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

2019-இல், மருத்துவத் தரவை ஆய்வுக்காக வெளியிடும் பிசியோநெட் நடத்திய செப்சிஸ் போட்டியின் மதிப்பெண் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நோய் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே சொன்னால் அதிக மதிப்பெண், தாமதித்தால் குறைவு, தவறவிட்டால் அபராதம், வீண் எச்சரிக்கைக்கும் சிறு அபராதம். மருத்துவ அக்கறை மதிப்பெண்ணுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதைவிட முக்கியம் அவர்கள் செய்த இன்னொரு வேலை. இரண்டு மருத்துவமனைகளின் 40,336 நோயாளிகளின் தரவை வெளியிட்டார்கள். மூன்றாவது மருத்துவமனை ஒன்றை முழுக்க மறைத்து வைத்தார்கள். முன்னணி அணிகளின் மதிப்பெண் அந்த மூன்றாவது மருத்துவமனையில் சரிந்தது.

காரணம் எளிது. எப்போது இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளவு எடுப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். மாடல் நோயைக் கற்பதாக நாம் நினைப்போம். அது அந்த மருத்துவமனையின் பழக்கத்தையும் சேர்த்தே கற்றிருக்கும். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: பயிற்சிக்குத் தொடர்பே இல்லாத மருத்துவமனையில் சோதித்தீர்களா? பிறகு உங்கள் வார்டில், யாருக்கும் எச்சரிக்கை காட்டாமல், பின்னணியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை வீண் மணி அடித்திருக்கும் என்று எண்ணுங்கள். போட்டி நடத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரு மருத்துவமனையை முழுதாக மறைத்து வையுங்கள்.

நோயியல் மருத்துவர்: "ஏஐ டாக்டர்களைத் தோற்கடித்தது" என்று செய்தி போடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் நிணநீர் முனைகளுக்குப் பரவியிருக்கிறதா என்று திசு ஸ்லைடுகளில் தேடும் கேமலியான் போட்டியில், 129 ஸ்லைடுகளை இரண்டு மணி நேரத்தில் பார்க்கும்படி மருத்துவர்களிடம் சொன்னார்கள். இது ஒப்பீடா? இந்தப் போட்டிகளே வீண்.

முதல் பாதியில் உங்களோடு உடன்படுகிறேன். 2016-இல் நடந்த அந்தப் போட்டியில் சிறந்த அல்காரிதம் (கணிப்பு முறை), 1 என்றால் முழுச் சரி என்ற அளவுகோலில், 0.994 எடுத்தது. நேர வரம்போடு பார்த்த 11 மருத்துவர்களின் சராசரி 0.810. ஆனால் வரம்பே இல்லாமல், சுமார் 30 மணி நேரம் எடுத்துப் பார்த்த ஒருவர் 0.966 எடுத்தார். இந்த மூன்றாவது எண், போட்டி முடிவை வெளியிட்ட அதே ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. செய்திகளில்தான் காணாமல் போனது.

மென்பொருள் பொறியாளர் (குறுக்கிட்டு): ஆனால் அந்த ஸ்லைடுகளை வெளியிட்டதால்தானே எங்களைப் போன்றவர்கள் இந்தத் துறைக்கே வந்தோம்? போட்டி இல்லையென்றால் எங்களிடம் தரவு எங்கே?

நோயியல் மருத்துவர்: தரவை வெளியிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்று ஏன் வரிசை போட வேண்டும்? மூன்றாவது தசமத்தில் என்ன மருத்துவம் இருக்கிறது?

இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வரிசைப்பட்டியல் விஷயத்தில் மருத்துவர் சொல்வது சரி. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 150 மருத்துவப் படப் போட்டிகளை அலசியது. மதிப்பெண் கணக்கிடும் முறையைச் சற்று மாற்றினாலே வெற்றியாளர் மாறிவிடுவதைக் காட்டியது. பொறியாளர் சொல்வதும் சரி, ஏனென்றால் போட்டி முடிந்தபின் மிஞ்சுவது நல்ல தரவும் நல்ல கேள்வியும்தான், கோப்பை அல்ல.

போட்டியே வீண் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 2020-இல் நடந்த பாண்டா போட்டியைப் பாருங்கள். புராஸ்டேட் திசுவில் புற்றுநோயின் தரத்தைக் கணிக்கும் போட்டி. 65 நாடுகளிலிருந்து 1,290 பேர், 10,616 திசு மாதிரிகள். முடிந்ததும் அமைப்பாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தேர்ந்தெடுத்த அல்காரிதம்களைத் தாங்களே திரும்ப ஓட்டி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வந்த புதிய மாதிரிகளில் சோதித்தார்கள். நிபுணர்களோடு ஒத்துப்போகும் அளவு (1 என்றால் முழுதாக ஒத்துப்போவது) முறையே 0.862, 0.868. இரண்டு கண்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல நின்றது. இந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான் போட்டி நடத்த வேண்டும்.

வேறு நால்வர்: எந்த மாடல்? எந்த நிரல் மொழி? எந்தப் பயிற்சி வகுப்பு?

மாடல் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இந்த மாதிரிக் கேள்விகளை இனி எடுக்கவில்லை.

ஒரு வாசகர்: அம்மாவின் ஸ்கேனை வெற்றி பெற்ற மாடல் ஒன்றில் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரிடமே எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

செவிலியர்: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இந்தப் போட்டிகளில் எனக்கு என்ன இடம்?

முதல் இடம். நான் மனதாரச் சொல்கிறேன்.

தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பரிசோதிக்க கூகுளின் ஏஐயைக் கொண்டுபோனார்கள். ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்த மாடல். அங்கே எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது ஏற்கவே இல்லை. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மெதுவாக இருந்தது. படம் ஏற்கப்படாதவர்களை வேறு நாள் நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டியிருந்தது, அவர்களுக்கு அது இன்னொரு பயணம், இன்னொரு நாள் விடுப்பு. 2020-இல் இதைப் பதிவு செய்த ஆய்வுக்குச் செவிலியர்களின் அனுபவமே அடிப்படை. "இந்த அறையில் படம் தெளிவாக விழாது" என்று சொல்லக்கூடியவர் விதிகளை எழுதும் மேசையில் இருக்க வேண்டும். அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வார்டில் தினமும் நேரத்தைத் தின்னும் ஒரு சிக்கலை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

பொது சுகாதார ஆய்வாளர்: பாரபட்சத்தைப் போட்டியிலேயே எப்படித் தடுப்பது?

கணிக்கச் சொல்லும் இலக்கைப் பாருங்கள். 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஓர் அல்காரிதத்தைப் பரிசோதித்தது. யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று தேர்ந்தெடுக்க, அது நோயின் அளவுக்குப் பதிலாகச் சிகிச்சைச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்படுவது குறைவு என்பதால் அவர்கள் நலமானவர்களாகத் தெரிந்தார்கள். அதைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். இலக்கு தவறாக இருந்தால் வெல்லும் அணி அந்தத் தவறைத்தான் மிகத் துல்லியமாகச் செய்யும். யார் பார்ப்பார், என்ன செய்வார் என்ற வரிகளை எழுதியிருந்தால் செலவு இலக்காக வந்திருக்காது.

சிறு நிறுவனம் நடத்துபவர்: பரிசு வென்றால் மருத்துவமனைகளில் விற்கலாமா?

பரிசு உரிமம் ஆகாது. மருத்துவக் கருவி ஒழுங்குமுறை தெரிந்தவரை அணுகுங்கள், அது என் துறை இல்லை.

போட்டி அமைப்பாளர்: பரிசுத் தொகையை எப்படிப் பிரிப்பது?

முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2020-இல் தொடங்கிய ஏஐ விருதில் நிதி நான்கு கட்டமாகப் பிரிந்திருந்தது. யோசனை சாத்தியமா என்பதில் தொடங்கி, நிஜ மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்ப்பது வரை. என் யோசனை: பாதித் தொகையைப் போட்டிக்குப் பிந்தைய ஓர் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். அதில் ஒரு பங்கு, மாடலைச் சோதிக்கும் மருத்துவமனை ஊழியர்களின் நேரத்துக்கான கூலியாகப் போகட்டும். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்றாலும் முடிவை வெளியிட வேண்டும் என்பதை விதிகளில் முதலிலேயே எழுதிவிடுங்கள். சோதனைத் தரவைப் போட்டி முடிந்தபின் இணையத்தில் போட்டுவிடாதீர்கள், அடுத்த மாடலைச் சோதிக்க அது வேண்டும்.