நானோடியூப் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகலையா? கேட்டைக் குறை சொல்லாதீங்க

கார்பன் நானோடியூப் டிரான்சிஸ்டர்ல ஆன்/ஆஃப் ரேஷியோ (ஆன்ல ஓடுற கரண்ட் ஆஃப்ல ஓடுறதை விட எத்தனை மடங்குன்னு) 5-ஐத் தாண்டலன்னா, பெரும்பாலும் சேனல்ல (கரண்ட் ஓடுற பாதையில) உலோகம் மாதிரி கடத்துற மெட்டாலிக் டியூப் குறுக்க கிடக்குன்னு தான் அர்த்தம், அப்படின்னா கேட் (ஆன்/ஆஃப் பண்ற முனை) வோல்டேஜ 20-ல இருந்து 40 வோல்ட்டா ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாது. மெட்டாலிக், செமிகண்டக்டர்னு பிரிச்செடுக்காத நானோடியூப் பவுடர்னா சராசரியா மூணுல ஒண்ணு மெட்டாலிக், அதுக்கு பேண்ட்கேப்பே (கரண்ட்டை நிறுத்த உதவுற எனர்ஜி இடைவெளி) இல்ல, கிராஃபீன் (ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாள்) ஆஃப் ஆகாத அதே கதை.

முதல்ல கேட் லீக்கேஜ் (கேட் வழியா கரண்ட் கசியறது) இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் டிரெய்ன் (கரண்ட் வெளியேறுற முனை) வோல்டேஜ 1 வோல்ட்ல இருந்து 0.05-க்கு இறக்கி, கேட் வோல்டேஜ மறுபடி ஸ்வீப் பண்ணுங்க (படிப்படியா மாத்தி கரண்ட் அளங்க).

1. ரேஷியோ அப்படியே நின்னா மெட்டாலிக் டியூப் தான்.
2. சட்டுனு எகிறுச்சுன்னா டிரெய்ன் பக்கத்துலேருந்து எலக்ட்ரான் உள்ள வருது, அப்போ கம்மி வோல்டேஜ்லயே ஓட்டுங்க, வேற வைத்தியம் வேண்டாம்.

மெட்டாலிக்னா 2001-ல ஐபிஎம் ஆளுங்க காட்டின வழி இருக்கு: பாசிட்டிவ் கேட் வோல்டேஜ் போட்டு நல்ல (செமிகண்டக்டர்) டியூபையெல்லாம் தூங்க வெச்சுட்டு, சாதாரண காத்துலயே டிரெய்ன் வோல்டேஜ மெல்ல ஏத்துங்க, கரண்ட் படி படியா இறங்கும், ஒவ்வொரு படியும் ஒரு டியூப் எரிஞ்சு போறது, பாக்கவே ஜாலியா இருக்கும். ஆனா டியூப் நெருக்கமா இருந்தா பக்கத்துல இருக்கிற நல்லதும் சேர்ந்து கருகும், அதனால ஒரே ஒரு டிவைஸ் வெச்சிருந்தா இதுல இறங்காதீங்க.