ஒற்றைக் காதும் ஒலியின் திசையும்

அன்புள்ள ஐயா,

கூகை இருட்டில் எலியைப் பிடிப்பது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த பிறகு இதைக் கேட்கத் தோன்றியது. நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். எட்டு மாதங்களுக்கு முன் ஒருநாள் காலை எழுந்தபோது இடது காது அடியோடு கேட்கவில்லை. நரம்பில் கோளாறு என்றார்கள். மருந்து பலிக்கவில்லை. வலது காதில் குறை ஏதுமில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது.

கேட்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் வகுப்பில் "சார்" என்று ஒரு குரல் எழுந்தால் எந்த பெஞ்சிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. எல்லாமே வலது பக்கத்திலிருந்து வருவதுபோல இருக்கிறது. பையன்கள் இதைக் கண்டுபிடித்து விளையாடவும் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் செல்போன் அடித்தால் அறை அறையாகத் தேடுகிறேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாலும் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறதே, ஒரு காது போனால் மட்டும் திசை ஏன் போகிறது? மூளையிலும் ஏதேனும் பழுதா? இது பழகுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்தது அத்தனையும் ஒரு பக்கக் காது கேளாதவர்கள் பலரும் சொல்வதுதான். அதை விளக்க ஒரு காதின் இழப்பே போதும்; மூளையில் பழுதைத் தேட வேண்டியதில்லை.

கண்ணையும் காதையும் ஒப்பிட்டு நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. விழித்திரையில் ஒவ்வொரு புள்ளியும் வெளியுலகின் ஒரு திசைக்கு உரியது. ஜன்னலின் ஒளி ஓரிடத்தில் விழுகிறது, கதவின் ஒளி வேறிடத்தில் விழுகிறது. ஆகவே ஒரு கண்ணே திசையைச் சொல்லிவிடும். உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா அப்படி அமைந்ததல்ல. அதைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். அதன் ஒரு முனை கீச்சொலிக்கும் மறுமுனை தடித்த ஒலிக்கும் அதிர்கிறது. இடையில் சுருதிகள் ஆர்மோனியக் கட்டைகளைப் போல வரிசையாக அமைந்திருக்கின்றன. இதை அளந்து காட்டியதற்காகத்தான் கியார்க் வான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, காக்ளியாவின் ஓரிடம் தூண்டப்பட்டால் "இன்ன சுருதி" என்ற செய்திதான் மூளைக்குப் போகிறது. "இன்ன திசை" என்று சொல்லும் இடம் காதுக்குள் எங்கும் கிடையாது. திசையை மூளை கணக்குப் போட்டுத்தான் பெறுகிறது, அந்தக் கணக்குக்கு இரண்டு காதுகளின் செய்தியும் வேண்டும்.

அந்தக் கணக்கில் இரண்டு வழிகள் உண்டு என்று 1907-இல் வகுத்துச் சொன்னவர் இயற்பியலாளர் ராலே பிரபு. இடப்பக்கம் எழும் ஒலி இடது காதை முதலில் அடையும், தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். இந்தத் தாமதம் ஒரு வழி. தலை குறுக்கே நின்று மறைப்பதால் வலது காதில் ஒலி குறைந்து கேட்கும், இது இரண்டாவது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். நம் தலை அதற்கு ஒரு தடையே இல்லை, அலை வளைந்து போய்விடும். 5000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான் என்பதால் தலையின் நிழல் நன்றாக விழும். எனவே தடித்த ஒலிகளுக்கு நேர வித்தியாசமும் கீச்சொலிகளுக்கு அளவு வித்தியாசமும் பயன்படுகின்றன. இரண்டும் சரிவரக் கைகொடுக்காத ஓர் இடைவெளி நடுவில், 3000 ஹெர்ட்ஸை ஒட்டி, இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் இருந்து கத்தும் சுவர்க்கோழியை இரண்டு காதும் நன்றாக இருப்பவர்களே இரவு முழுவதும் தேடுவதற்கு இது ஒரு காரணம். அதன் ஒலி அந்த இடைவெளிக்குச் சற்று மேலே, ஒரே சுருதியில் இழுக்கப்படுகிறது. செல்போன் மணிகளிலும் பல இந்த வகைதான். ஆகவே செல்போன் விஷயத்தில் உங்கள் காதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

நேர வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணித ஆசிரியரிடம் எண்ணாகவே சொல்லலாம். ஒலி நேர் பக்கவாட்டில் இருந்து வந்தால்கூட இரண்டு காதுகளுக்கும் இடையிலான தாமதம் 0.65 மில்லிவினாடியை ஒட்டித்தான் வரும். மூளையில் ஒரு நரம்புத் துடிப்பு நீடிக்கும் நேரமே ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. அதாவது அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோலின் கோடு தடிமனாக இருக்கிறது. இருந்தும் பழகிய காது 10 மைக்ரோவினாடி வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறிகிறது, நேர் எதிரில் ஒரு பாகை நகர்ந்தாலும் கண்டுகொள்கிறது. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் பெஞ்சில் அது ஐந்து சென்டிமீட்டர். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பையன்களில் யார் பேசியது என்று முன்பெல்லாம் நீங்கள் சொன்னது இதனால்தான்.

இதை மூளை எப்படிச் செய்யக்கூடும் என்பதற்கு உளவியலாளர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948-இல் ஒரு யோசனை சொன்னார். உங்கள் பகுதியின் பழைய தேர்வுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஒரே வேகத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே புறப்படுகின்றன. ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவழியில் சந்திக்கும். தஞ்சாவூர் ரயில் தாமதமாகப் புறப்பட்டால் சந்திக்கும் இடம் பூதலூர்ப் பக்கம் தள்ளிப்போகும். கடிகாரமே இல்லாமல், எந்த ஸ்டேஷனில் சந்தித்தன என்பதை வைத்தே தாமதம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் அல்லவா? இரண்டு காதுகளிலிருந்தும் வரும் துடிப்புகள் ஒரு நரம்புச் செல் வரிசையின் இரு முனைகளிலிருந்தும் நுழைகின்றன, இரண்டும் ஒரே கணத்தில் எந்தச் செல்லை எட்டுகின்றனவோ அந்தச் செல் மட்டும் பலமாகத் துடிக்கிறது, துடித்த செல்லின் இடமே திசையாகிறது என்றார் ஜெஃப்ரஸ். வெறும் காகிதத்தில் போட்ட யோசனை அது. பின்னால் மசகாசு கோனிஷியும் அவருடன் வேலை செய்தவர்களும் கூகையின் மூளைத்தண்டில் இப்படிப்பட்ட அமைப்பையே கண்டார்கள். கூகையின் நடுமூளையில் ஒலித்திசைகள் வரைபடம்போல அமைந்திருப்பதை 1978-இல் எரிக் நட்சனும் கோனிஷியும் வெளியிட்டார்கள்.

இங்கே என் கட்டுரையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. கூகைக்குச் சொன்னது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்ற எண்ணம் வரும்படி அவசரத்தில் எழுதிவிட்டேன். அது சரியல்ல. பாலூட்டிகளின் மூளைத்தண்டிலும் இரண்டு காதுச் செய்திகளை ஒப்பிடும் செல்கள் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெர்பில் என்ற எலி இனத்தில் பெனடிக்ட் குரோத்தும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் செல்களின் கணக்குக்குத் துல்லியமான நேரத்தில் வந்து அவற்றைத் துடிக்கவிடாமல் தடுக்கும் துடிப்புகளும் தேவை என்று தெரியவந்தது. ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரித்த வரிசையைவிட, இடப்பாதியும் வலப்பாதியும் எந்த விகிதத்தில் துடிக்கின்றன என்ற தராசுதான் பாலூட்டிகளில் வேலை செய்கிறது என்பது இப்போது வலுவான தரப்பு. விவாதம் முடிந்துவிடவில்லை. எந்தத் தரப்பு வென்றாலும் உங்களைப் பொறுத்தவரை நிலை ஒன்றுதான்: ஒரு ஊரிலிருந்து ரயிலே புறப்படுவதில்லை. இருக்கும் ஒரு காதுக்கு வருவது எல்லாம் அந்தக் காதின் பக்கத்திலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

இனி, பழகுமா என்ற கேள்வி. இரண்டு காதுகளின் வித்தியாசம் இடம் வலத்தை மட்டுமே சொல்லும். நேர் எதிரே, நேர் பின்னே, உச்சந்தலைக்கு மேலே என மூன்று இடங்களிலிருந்து வரும் ஒலிகளுக்கும் வித்தியாசம் சுழியம்தான். அவற்றைப் பிரிப்பது செவிமடல். அதன் மடிப்புகளில் மோதித் திரும்பும் ஒலி, வரும் திசைக்கேற்பச் சில சுருதிகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் உள்ளே போகிறது. ஒவ்வொருவர் மடலும் ஒவ்வொரு மாதிரி என்பதால் இந்தப் பாடத்தை ஒவ்வொரு மூளையும் சொந்தமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் ஹாஃப்மன், வான் ஓப்ஸ்டால் முதலியோர் 1998-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், நான்கு பேரின் காது மடிப்புகளுக்குள் அச்சு வார்த்துப் பொருத்தினார்கள். இடம் வலம் பெரிதாகக் கெடவில்லை. மேல் கீழ் அறவே தெரியாமல் போயிற்று. அச்சைக் கழற்றாமல் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சில வாரங்களில் அதுவும் திரும்பி வந்தது. எனக்கு வியப்பாக இருந்தது இதற்கு அடுத்த பகுதிதான். அச்சைக் கழற்றியதும் பழைய காதும் உடனே சரியாக வேலை செய்தது. புதியதைக் கற்பதற்காக மூளை பழையதை அழித்துவிடவில்லை.

உங்கள் வலது செவிமடல் பத்திரமாக இருக்கிறது. ஒரு காதுடன் வாழ்பவர்களில் சிலர் இந்த மடல் குறிப்புகளையே பிடித்துக்கொண்டு இடம் வலத்தையும் ஓரளவு சொல்லப் பழகிவிடுகிறார்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. முன்போல ஐந்து சென்டிமீட்டர் துல்லியம் வரும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். தலையைத் திருப்பிப் பார்ப்பது கைகொடுக்கும். ஒலி நீடிக்கும்போது தலையை மெல்லத் திருப்பினால், வலது காது அதை நேராகப் பார்க்கும் நிலையில் சத்தம் கூடும். செல்போனுக்கு நீளமான, பேச்சோ பலவகை ஒலிகளோ கலந்த மணியாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பேசுபவர் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள், விளையாட்டு நின்றுவிடும். சாலையைக் கடக்கும்போது காதை நம்பாதீர்கள்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் சொல்வார் என்பதால் சொல்கிறேன். இடப்பக்க ஒலியை மைக்கில் பிடித்து வலது காதுக்கு அனுப்பும் கருவி பேச்சைக் கேட்க உதவும், ஆனால் திசையைத் தராது, ஏனென்றால் எல்லாம் மறுபடியும் ஒரே காதுக்குத்தான் போகிறது. திசையை ஓரளவேனும் மீட்பது, கேளாத காதிலேயே பொருத்தி, ஒலியை மின்துடிப்பாக்கி நேரே செவி நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் இம்பிளாண்ட். அமெரிக்காவில் 2019-இல் ஒரு பக்கக் கேளாமைக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. அறுவைச் சிகிச்சை என்பதால் உங்கள் மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்கு, சளி என்று தள்ளிப்போடாமல் ஓரிரு நாளிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சைக்குப் பலன் இருக்குமானால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான்.

உங்களிடம் ஒரு சிறு சோதனை கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் அமருங்கள். உங்கள் வலப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நின்று வீட்டில் உள்ள ஒருவரைச் சாவிக்கொத்தைக் குலுக்கச் சொல்லுங்கள், ஒருமுறை முழங்கால் உயரத்தில், ஒருமுறை தலைக்கு மேலே, வரிசை மாற்றி மாற்றி இருபது முறை. மேலா கீழா என்று நீங்கள் சொல்வதில் பெரும்பாலானவை சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. பிறகு வலது செவிமடலின் மடிப்புகளில் துளையை அடைக்காமல் கொஞ்சம் சப்பாத்தி மாவை அப்பிக்கொண்டு இன்னும் இருபது முறை செய்து பாருங்கள். இரண்டு மதிப்பெண்களையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.