பூங்காவில் கிராமிய இசை

கேள்வி: மதுரைப் பூங்கா ஒன்றில், குடும்பத்தோடு வந்து கேட்கும்படி, குப்பை சேராத கிராமிய இசை விழா நடத்த இயலுமா?
- வாசகி, செல்லூர்

பதில்: தாராளமாக இயலும். சென்னையில் 2007இல் தொடங்கிய சங்கமம் விழா, பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கே கொண்டுவந்தது. நையாண்டி மேளத்தின் நாகசுரமும் தவிலும் பம்பையும் திறந்தவெளியில் முழங்குவதற்கென்றே அமைந்தவை ஆதலால், ஒலிபெருக்கி அடுக்குகளும் அவற்றுக்கான ஜெனரேட்டரும் தேவைப்படமாட்டா. மரத்தடியில் வட்டமாக அமர்ந்து கேட்பதே குழந்தைகளின் காதுக்கும் நல்லது. பிள்ளைகளின் உறக்கத்தை எண்ணி இரவு 8.30 மணிக்கே முடித்துவிடலாம். ஜிகர்தண்டாவைக் கண்ணாடிக் குவளையிலும் பணியாரத்தைத் தையல் இலையிலும் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கலைஞர்களுக்கு உரிய ஊதியத்தை, மேடை அலங்காரச் செலவுக்கு முன்பாகவே ஒதுக்கிவிடுங்கள். இதனை வற்புறுத்தியே சொல்கிறேன்.