108 துண்டுப் பெட்டிக்கு முன்னால் இரண்டு ஸ்டாண்ட் வாங்குங்கள்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், ஆசிரியர். 2003ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். ஒயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், பற்றரி, முன் பிறேக் பேட் போன்ற வேலைகளை இனி வீட்டிலேயே செய்ய ஆசை. கடையில் 108 துண்டுகள் கொண்ட டூல் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். அது போதுமா? வேறென்ன வாங்க வேண்டும்? வாகனம் நிறுத்தும் வளவு மணல்.

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த மணலில்தான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெட்டி ஓடிப்போகாது, அதைப் பிறகு பார்க்கலாம்.

தொழில் பழகிய காலத்தில் உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டு வளவில் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது ஜக்கின் ஒரு பக்கம் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு 'டப்' என்று பிறேக் டிஸ்க் மணலில் குத்தி நின்றது. கீழே ஆள் இல்லை, அவ்வளவுதான். அன்று முதல் ஜக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட வாகனத்தின் அடியில் நீட்டுவதில்லை.

ஆகவே உங்கள் முதல் செலவு, ஜக் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஒரு சோடி ஜக் ஸ்டாண்ட். பல்லில் ஏறி நிற்கும் வகையும் உண்டு, துளையில் ஆணி செருகும் வகையும் உண்டு. எனக்கு ஆணி வகைதான் பிடிக்கும். ஆணி முழுதாகச் செருகியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். விட்ஸ் ஒரு தொன்னுக்கும் குறைந்த வண்டி, இரண்டு தொன் ஸ்டாண்ட் தாராளம். வாகனத்தோடு வந்த கத்தரி ஜக் வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டும். வீட்டு வேலைக்கு இரண்டு தொன் ட்ரொலி ஜக் வாங்குங்கள். கடையிலேயே பாரமான ஏதாவது ஒன்றைத் தூக்கி வைத்து, கடைக்காரரோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். உயரம் இறங்கியிருந்தால் உள்ளே சீல் சரியில்லை, வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

மணலுக்கு வைத்தியம் எளிது. இரண்டடிச் சதுரத்தில், மூன்று நான்கு அங்குலத் தடிப்பில் கொங்கிரீட் துண்டுகள் வார்த்து, மட்டம் பார்த்துப் பதித்துவிடுங்கள். ஜக்குக்கு ஒன்று, ஸ்டாண்டுக்கு இரண்டு. மேசன் ஒருவர் அரைநாளில் முடித்துவிடுவார். மெல்லிய பிளைவுட்டைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், ஸ்டாண்டின் கால் அதைக் குத்திக்கொண்டு இறங்கும். முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிறேக்கை நம்பாதீர்கள். அது பிடிப்பதே பின் சக்கரங்களைத்தான், அவையோ அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்று. ஜக் வைக்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் இருக்கும். கடற்கரை ஊரில் இருபது வருடம் ஓடிய வண்டியில் அந்த விளிம்பே உக்கிப்போயிருக்கலாம். முதலில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்றால், அல்லது கறள் செதில் செதிலாகக் கொட்டினால், அங்கே ஜக் வைக்கக் கூடாது. வெல்டிங் வேலைதான் முதலில்.

சரி, இனிப் பெட்டிக்கு வருவோம்.

108 என்ற எண்ணில் மயங்க வேண்டாம். பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சின்ன ஸ்குரூ பிட்களும் அலன் கீகளும் இருக்கும். நட்டின்மேல் கவிழ்ந்து பிடிக்கும் கிண்ணம்தான் சொக்கெட்; அதில் அங்குல அளவு வரிசை ஒன்றும் இருக்கலாம், ஜப்பான் வாகனத்துக்கு அது தேவைப்படாது. உங்கள் விட்ஸைச் சுற்றி வந்தால் 8, 10, 12, 14, 17, 19, 21 மில்லிமீற்றர் என்ற ஏழு அளவுகளுக்குள் அநேகமாக எல்லா வேலையும் முடிந்துவிடும். பற்றரிக்கு 10, ஒயில் வடிக்கும் பிளக்குக்கு 14, வீல் நட்டுக்கு 21. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பிறேக் கலிப்பருக்கு 12 அல்லது 14. ஏழு நல்ல சொக்கெட், அதை மாட்டித் திருகும் ராட்செட் கைபிடி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் போடும் நீட்டுக் கம்பியில் நீளம் ஒன்று, குட்டை ஒன்று. பெட்டியின் விலையை இந்தப் பத்துப் பன்னிரண்டு துண்டுக்கே கொடுத்தாலும் நட்டமில்லை. 10ஆம் நம்பரில் மட்டும் இரண்டு எடுங்கள். ஒன்று எப்படியும் எஞ்சின் இடுக்கில் விழுந்து மறையும்.

சொக்கெட்டை வாங்கும்போது உள்ளே பாருங்கள். ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா? வீட்டுக்காரருக்கு ஆறு மூலைதான். பன்னிரண்டு மூலைச் சொக்கெட், நட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை பக்கங்களில் அழுத்தும். புது நட்டில் வித்தியாசம் தெரியாது. எங்கள் ஊர் நட்டில் தெரியும்.

எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். மீன் ஏற்றும் வான் ஒன்று கிண்ணியாவிலிருந்து வந்தது. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகப் பின் அச்சில் சொட்டியிருக்கிறது. பிறேக் குழாயைப் பிடித்திருந்த 10ஆம் நம்பர் நட்டில் அவசரத்துக்கு, குழாய் நுழைய வாயை வெட்டிவைத்திருந்த பன்னிரண்டு மூலைச் சாவியைப் போட்டு இழுத்தேன். கறள் தின்று நட்டு ஏற்கெனவே மெலிந்திருந்தது. சாவி ஒரு தடவை வழுக்கியது. இரண்டாந்தடவை ஆறு மூலையும் மழுங்கி, நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. குழாயை வெட்டி, புதுக் குழாய் வளைத்துப் போட்டு முடிய இருட்டிவிட்டது. பிழை முழுக்க என்னுடையது. அந்த வேலைக்கென்றே ஒரு சாவி இருக்கிறது. ஆறு மூலையுள்ள றிங் ஸ்பானர்தான், குழாய் நுழைவதற்கு மட்டும் வாயில் ஒரு வெட்டு இருக்கும். பேட் மாற்ற இந்தக் குழாய் நட்டைத் தொடவே தேவையில்லை, ஆகவே நீங்களும் தொடாதீர்கள்.

'குரோம் வனேடியம்' என்று எல்லாச் சாவியிலும் பொறித்திருப்பார்கள். பொறிப்பதற்கு ஒரு அச்சுப் போதும், அதை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள். கடைக்குப் போகும்போது கறள் இல்லாத 14ஆம் நம்பர் போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். சொக்கெட்டை அதன்மேல் வைத்து விரலால் திருகுங்கள், 'கடகட' என்று ஆடினால் வேண்டாம். உள்மூலைகளில் குரோம் திட்டுத்திட்டாகப் பூசியிருந்தால் அது நாளைக்கு உரிந்து கையைக் கிழிக்கும். ராட்செட்டில் பல் எத்தனை என்று கேளுங்கள். 72 பல் என்றால் கைபிடி 5 பாகை அசைந்தாலே அடுத்த பல் பிடிக்கும், 24 பல் என்றால் 15 பாகை அசைய வேண்டும். எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத இடத்தில்தான் அந்தப் பத்துப் பாகையின் அருமை தெரியும். கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவைத்து கேடிசி, கோக்கன், டோன் போன்ற ஜப்பான் சாவிகள் அகப்பட்டால் யோசிக்காமல் எடுக்கலாம். ஆனால் அவற்றுக்காகக் காத்திருந்து மினக்கெட வேண்டியதில்லை.

நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதை அநேகர் கவனிப்பதில்லை. ஜப்பான் வாகனத்தில் வரும் ஸ்குரூ ஆணியின் தலையும் வழமையான பிலிப்ஸ் தலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றல்ல. பிலிப்ஸ் முனை ஜப்பான் ஆணியில் முழுதாக இறங்காது, பலம் கொடுத்தால் மேலே எகிறிவந்து தலையைத் தின்றுவிடும். ஆணித் தலையில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அது ஜப்பான் தரம். அதற்கென்று வெசல் போன்ற ஜப்பான் கம்பனிகள் செய்யும் ஸ்குரூ டிரைவரில் இரண்டாம் நம்பர் ஒன்று போதும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஆணியோடு நான் பட்ட பாட்டில் பாதி இது தெரியாததால் வந்தது.

நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவியான டோர்க் ரென்ச் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விட்ஸின் வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். அரை மீற்றர்க் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 21 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. டயர்க் கடையில் பையன் ஒருவர் ஓரடிக் கைபிடியில் ஏறி நின்று குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுபது கிலோ ஆள் குதிக்காமல் சும்மா நின்றாலே 200ஐத் தாண்டிவிடும். அந்த போல்ட் நாளடைவில் இழுபட்டு, ஒரு நாள் முறியும். ஆகவே 'கிளிக்' என்று சத்தம் தரும் வகையில், 120ஐத் தாண்டி அளக்கும் ரென்ச் ஒன்று வைத்திருங்கள். அதை இறுக்க மட்டும் பாவியுங்கள், கழற்றப் பாவித்தால் அளவு கெட்டுவிடும். கழற்ற, அரை அங்குலச் சதுர முனையுள்ள நீளக் கைபிடிக் கம்பி தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் ரென்ச்சின் அளவை அதன் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது.

இறுகிய நட்டுக்கு எல்லாரும் டபிள்யூடி-40ஐத்தான் தேடுவார்கள். 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்குக் கண்டுபிடித்த கலவை அது. 40ஆவது தடவை சரிவந்ததால் பெயரிலும் 40. ஈரம் போக்க நல்லது, கடும் கறளுக்கு அவ்வளவு பலமில்லை. கறளுக்குள் ஊடுருவும் எண்ணெய் என்று கேட்டு வாங்கி, கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துவிட்டு, முதல் நாள் இரவே விட்டுவையுங்கள். காலையில் கழற்றும் திசைக்கு முன், இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்துப் பாருங்கள். கறளின் பிடி அப்போதுதான் உடையும். டிஸ்க்கிலும் பேட்டிலும் மட்டும் ஒரு துளி எண்ணெய் படக்கூடாது.

மற்றதெல்லாம் சில்லறை. ஒயில் பில்டர் கழற்றும் கிண்ணச் சாவியை, புது பில்டரைக் கையோடு கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு, உள்ளே ரப்பர் வைத்த நீளச் சொக்கெட். பேட் மாற்றும்போது கலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள தச்சர்கள் பாவிக்கும் சி-கிளாம்ப் போதும். ஒயில் பிடிக்கத் தட்டு ஒன்று. அந்தக் கழிவு ஒயிலை வளவு மணலில் ஊற்றிவிடாதீர்கள், கிணறு பக்கத்திலேயே இருக்கும். கானில் பிடித்துக் கராஜில் கொடுங்கள். மல்டிமீற்றர் மலிவானதே போதும். எஞ்சின் நிற்கும்போது பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் தன் வேலையைச் செய்கிறது. பக்கத்து வீட்டில் அக்வா மாதிரி ஹைபிரிட் கார் இருந்து, "அதையும் ஒருக்கால் பாருங்கோவன்" என்று கேட்டால், செம்மஞ்சள் வயர் ஓடும் இடங்களைத் தொடாதீர்கள். அங்கே ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

வாங்கியதைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. உவர்மலைக் காற்றில் உப்பு, கை வியர்வையிலும் உப்பு. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை ஈரம். பெட்டிக்குள் வரும் பஞ்சு அந்த ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு சாவிக்கு ஊட்டும், அதைக் கழற்றி எறியுங்கள். மரப்பெட்டியோ பழைய பிஸ்கட் தகரமோ நல்லது. அடியில் எஞ்சின் ஒயில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்றை விரித்து, ஒவ்வொரு சாவியையும் அதே மாதிரித் துணியால் துடைத்து வையுங்கள். என்னிடம் இருபத்தைந்து வருடப் பழைய 12-14 றிங் ஸ்பானர் ஒன்று இருக்கிறது. குரோம் போய்விட்டது, கறள் இல்லை.

காசு ஒரேயடியாக இல்லையென்றால் இந்த மாதம் ஸ்டாண்டும் ஜக்கும், அடுத்த மாதம் சொக்கெட்டும் ராட்செட்டும், பிறகு டோர்க் ரென்ச். அதுவரை ஒயில் மாற்றுவதை மட்டும் செய்து கை பழகுங்கள். பிறேக் பேட்டை முதல் தடவை, செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு மாற்றுங்கள். வெளிக்கிடுவதற்கு முன் பிறேக் மிதியை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள், மேலே கெட்டியாக நிற்க வேண்டும். அதன் பிறகு கந்தளாய்க்கு ஒரு தடவை போய் வந்து, சக்கரம் ஆறியதும் வீல் நட்டுகளை மறுபடியும் 103இல் வைத்துப் பாருங்கள்.