உலகம் இருக்கிற இருப்பில் விநோதச் செய்திகளைப் படித்துச் சிரிப்பது தவறா? நீங்கள் எதைப் படிப்பீர்கள்?

தவறில்லை, தாராளமாகச் சிரியுங்கள். சுருக்கமான பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் எனக்கே பல தடவை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதால் வருகிற புலம்பல், பொறுமை இருந்தால் படிக்கவும்.

காலையில் போனை எடுத்ததும் நான் தேடுவது பெட்டிச் செய்தியைத்தான். போர், தேர்தல், பங்குச்சந்தை எல்லாம் அப்புறம். ரொம்ப நாள் இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது, யாராவது கேட்டால் தலையங்கம் படிப்பேன் என்று சொல்லிவைப்பேன். இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது. பெட்டிச் செய்திக்கும் தலைப்புச் செய்திக்கும் நடுவில் இருக்கிற கோடு பத்திரிகைக்காரர்கள் பக்கத்தைப் பிரிப்பதற்காகப் போட்டது. பல சமயம் இரண்டும் ஒரே செய்திதான், ஒன்றின் வாலைப் பிடித்து இழுத்தால் மற்றது வெளியே வரும்.

பெங்குவின் கதை ஞாபகம் இருக்கும். 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் ஹேர்ட், மெக்டொனால்ட் தீவுகளும் இருந்தன. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானவை, ஆனால் அங்கிருந்து தெற்கே அண்டார்க்டிகா போகும் வழியில் எங்கேயோ கிடக்கின்றன. மனிதர் ஒருவர்கூட வசிக்காத இடம். எரிமலை, சீல்கள், கூட்டம் கூட்டமாகப் பெங்குவின்கள், அவ்வளவுதான். அந்தத் தீவுகளுக்கு 10 சதவீத வரி! டிரம்ப் எதிரே பெங்குவின் உட்கார்ந்து பேரம் பேசுகிற படங்களை நானும் அன்று முழுக்க எல்லா குரூப்பிலும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தீவை விட்டால்கூட அதன் வழியாகச் சரக்கைத் திருப்பிவிட்டு வரியிலிருந்து தப்பிப்பார்கள் என்று அமெரிக்க வர்த்தக அமைச்சர் பிறகு விளக்கம் சொன்னார், அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

அன்று இரவு தூக்கம் வராமல் அதே பட்டியலை வரிசையாகப் பார்த்தபோதுதான் லெசோத்தோ கண்ணில் பட்டது. 50 சதவீதம். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த குட்டி நாடு, அதற்கு ஒரு மாதம் முன்புதான் டிரம்ப் நாடாளுமன்றத்தில் பேசும்போது அதை யாருமே கேள்விப்படாத நாடு என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியிருந்தார். ஏன் 50? கணக்கு ரொம்ப எளிது. ஒரு நாட்டிடம் அமெரிக்கா வாங்குவதற்கும் அதற்கு விற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, வாங்குகிற தொகையால் வகுத்து, வருவதைப் பாதியாக்கு, அதுதான் வரி, எப்படியும் 10க்குக் குறையாது. லெசோத்தோ அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்புகிறது, வைரம் அனுப்புகிறது. பதிலுக்கு அமெரிக்கப் பொருள் வாங்க அந்த மக்களிடம் காசு எங்கே இருக்கிறது? ஆக வித்தியாசம் கிட்டத்தட்ட முழுத்தொகை, அதில் பாதி 50. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அந்த மாதிரி. அங்கே தையல் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வரி அமலாவதை ஒரு வாரத்தில் நிறுத்திவைத்தாலும் அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோயின. ஜூலையில் வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணம் காட்டி அந்த நாடு தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது, ஆகஸ்டில் வரி 15 ஆனது. பெங்குவினுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பெங்குவின் இல்லாவிட்டால் நான் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

இதைவிட என்னை ஆட்டிவைத்தது சூயஸ் கதை.

2021 மார்ச் 23, எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. (பக்கவாட்டில் எவர்கிரீன் என்று பெரிதாக எழுதியிருக்கும், அது கப்பலை இயக்குகிற கம்பெனியின் பெயர். இதைப் பல பேருக்குத் திருத்திச் சொல்லிச் சலித்துவிட்டேன்.) நீளம் 400 மீட்டர். மூக்கு ஒரு கரையில் புதைந்துவிட்டது, வால் மறு கரையில் தட்டி நின்றது. அந்த மலை மாதிரி உடம்புக்கு முன்னால் ஒரே ஒரு பொக்லைன் மண்ணை அள்ளிக்கொண்டிருந்த படம்தான் அந்த வாரம் உலகத்துக்கே சிரிப்பு மருந்து. எல்லாரும் கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம், தலைக்கு மேல் வேலை, நாம்தான் அந்தப் பொக்லைன் என்று ஆளாளுக்கு மீம் போட்டார்கள். நானும் ஒன்று தயாரித்தேன், கப்பல் மேல் "என் பிரச்சினைகள்", பொக்லைன் மேல் "நாளையிலிருந்து உடற்பயிற்சி" என்று எழுதி. நல்ல வரவேற்பு.

ஆறு நாள் கழித்துப் பௌர்ணமி ஒட்டிய கடலேற்றமும் இழுவைப் படகுகளும் மணல் வாரும் கப்பல்களும் சேர்ந்து அதை விடுவித்தன. நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் காத்திருந்தன, அவற்றில் ஆடு மாடுகளை உயிரோடு ஏற்றிவந்த கப்பல்களும் உண்டு. நான் அத்தோடு மறந்துவிட்டேன். கப்பலின் கதை ஆனால் முடியவில்லை. எகிப்து கால்வாய் நிர்வாகம் 90 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு, கப்பலை அங்கேயே ஒரு ஏரியில் நிறுத்திவைத்துவிட்டது. அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். முதலாளி ஜப்பான்காரர், இயக்குவது தைவான் கம்பெனி, கொடி பனாமா. ஒப்பந்தம் முடிந்தவர்கள் போன்ற சிலர் முன்கூட்டியே ஊர் திரும்பினார்கள், மற்றவர்கள் ஜூலை 7 வரை காத்துக்கிடந்தார்கள்.

அந்தச் செய்தியைத் தேடிப் போன இடத்தில்தான் இன்னொருவர் கதை கிடைத்தது. சிரியா நாட்டு மாலுமி. 2017 மே மாதம் எம்வி அமன் என்ற சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்கிறார், தலைமை அதிகாரி பதவி. ஜூலையில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானதற்காக அந்தக் கப்பலை எகிப்தில், அதே சூயஸ் பக்கத்தில் ஒரு துறைமுகத்தில், பிடித்து வைக்கிறார்கள். எரிபொருள் பாக்கியைக் கட்ட ஆளில்லை, முதலாளியும் கைவிரித்துவிட்டார். கேப்டன் கரையில் இருந்ததால், கப்பலுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் என்று ஒரு தாளில் இவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அதன் முழு அர்த்தம் அவருக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்ததாம்: கப்பல் விற்கப்படும்வரை, அல்லது வேறு யாராவது பொறுப்பேற்கும்வரை, இவர் அதைவிட்டுப் போக முடியாது. கையெழுத்து தலையெழுத்தாகிவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். 2018இல் அம்மா இறந்தார், போக முடியவில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து கப்பலில் இவர் மட்டும். மின்சாரம் கிடையாது. ராத்திரியில் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பது போல இருக்கும் என்று பின்னாளில் சொன்னார். அவருடைய தம்பியோ அண்ணனோ, அவரும் மாலுமி, வேறு கப்பலில் அந்தக் கால்வாய் வழியாகப் போவாராம், இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள், கையசைத்தால் தெரியாத தூரம்.

2020 மார்ச்சில் ஒரு புயல் கப்பலைத் தள்ளிக்கொண்டுபோய்க் கரையிலிருந்து சில நூறு மீட்டரில் தரைதட்ட வைத்தது. பயங்கரம்தான், ஆனால் அவருக்கு அது அதிர்ஷ்டம், நீந்திக் கரைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பி நீந்தி வரலாம் அல்லவா. கடைசியில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் அந்தப் பொறுப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முன்வந்தார், 2021 ஏப்ரலில் இவர் ஊர் திரும்பினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நாள் சிக்கிய கப்பலைப் பார்த்து உலகமே சிரித்த அந்த வாரத்தில், கிட்டத்தட்ட நாலு வருஷமாகச் சிக்கிய மனிதர் அதே கால்வாயின் தெற்கு வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

என்னுடைய மீமை அப்புறம் அழித்தேனா என்றால், இல்லை. அது இன்னும் என் போனில் இருக்கிறது, நல்ல மீம்தான். ஆனால் அன்றிலிருந்து கைவிடப்பட்ட மாலுமிகள் பற்றிய செய்தி எங்கே வந்தாலும் நின்று படிக்கிறேன். இது ஏதோ ஒரு அபூர்வச் சம்பவம் இல்லை, 2024இல் மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகமான மாலுமிகள் இப்படி முதலாளிகளால் கைவிடப்பட்டதாக அதே கூட்டமைப்பு கணக்குச் சொன்னது.

வாழைப்பழக் கதையும் இந்த ரகம்தான், ஆனால் எல்லாரும் கேள்விப்பட்டது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம், இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலனின் படைப்பு, 2024 நவம்பரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கிய கிரிப்டோ பணக்காரர் அதைச் சாப்பிட்டும் காட்டினார். அந்தப் பழத்தை 35 சென்டுக்கு விற்ற முதியவரை ஒரு நிருபர் தேடிப் பிடித்து விலையைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டாராம், அவருடைய கூலி மணிக்கு 12 டாலர். பரிகாரமாக அவரிடமே ஒரு லட்சம் பழம் வாங்குவேன் என்று பணக்காரர் அறிவித்தார். கடை தன்னுடையது இல்லை, லாபம் முதலாளிக்குத்தான் போகும் என்று பெரியவர் சொன்னார். சந்தைப் பொருளாதாரம் பற்றி நான் படித்ததிலேயே தெளிவான வாக்கியம் அது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், விநோதச் செய்தியில் பொய் அதிகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு சமயத்தில், சீனாவின் யுன்னான் மாகாணத்தில் யானைகள் மக்காச்சோள மதுவைக் குடித்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மயங்கிக் கிடப்பதாகப் படம் வந்ததே, நான் அதை நம்பிப் பெரியப்பாவுக்கு அனுப்பி, அவர் அதை ஐம்பது பேருக்கு அனுப்பி, அத்தனையும் பொய். வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்த வீடியோவும் அப்படித்தான், எடுத்தது இத்தாலியின் சார்டினியாத் தீவுத் துறைமுகத்தில். மனது கேட்பதற்கு ஏங்குகிற செய்தி என்றால் நாம் ஆதாரம் கேட்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே யுன்னானில் ஏறக்குறைய அதே சமயம் நிஜமாகவே ஒரு யானைக் கூட்டம் காப்புக்காட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. அடுத்த வருஷம் ஜூனுக்குள் சுமார் 500 கிலோமீட்டர் நடந்து குன்மிங் நகரத்தை நெருங்கிய பிறகுதான் உலகம் கவனித்தது. அவை குட்டியோடு கட்டிக்கொண்டு தூங்குகிற டிரோன் படத்தை எல்லாரும் ரசித்தோம். ரப்பர் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் காட்டைத் தின்றதும், யானைகளின் எண்ணிக்கை கூடி மேய்ச்சல் இடம் போதாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். போதையில் கிடந்த பொய் யானைக்கு நான் கொடுத்த நேரம் நடந்துபோன நிஜ யானைக்குக் கொடுத்ததைவிட அதிகம். இதற்கு மட்டும் இப்போதும் வெட்கப்படுகிறேன்.

என் நண்பன் ஒருவன், உனக்கு ஒரு ஜோக்கூட நிம்மதியாக அனுப்ப முடியாது, அடுத்த அரை மணியில் ஆய்வுக் கட்டுரையோடு வருவாய் என்று திட்டுவான். அவனுக்காக இதைச் சொல்கிறேன். தோண்டத் தோண்ட எல்லாச் செய்தியும் சோகமாவதில்லை.

2025 அக்டோபர் 19, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத் திருட்டு. வீட்டுச் சாமான் ஏற்றுகிற ஏணி லிஃப்ட் வண்டியைப் பட்டப்பகலில் கொண்டுவந்து நிறுத்தி, மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு பால்கனி வழியாக ஏறி, எட்டு நிமிடத்துக்குள் 8.8 கோடி யூரோ மதிப்புள்ள நகைகளோடு போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் ஒரு பேரரசியின் கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த லிஃப்டைத் தயாரித்த ஜெர்மன் கம்பெனி மறுநாளே "சீக்கிரம் வேலை முடியணுமா" என்கிற பாணியில் விளம்பரம் போட்டது. இதில் தோண்ட நிறைய இருக்கிறது: ஊழியர்கள் கூட்ட நெரிசலையும் ஆள் பற்றாக்குறையையும் சொல்லி ஜூனிலேயே வேலைநிறுத்தம் செய்தது, வெளிப்புறக் கேமராக்கள் போதாமல் இருந்தது, கண்காணிப்பு சர்வரின் பாஸ்வேர்டே "லூவ்ர்" என்று 2014 தணிக்கையில் எழுதியிருந்தது (திருட்டு நடந்த அன்றும் அதேதான் இருந்தது என்று பலர் எழுதினார்கள், அப்படி நிரூபணமாகவில்லை).

ஆனால் எனக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. அன்று வாசலை மறித்து நின்ற போலீஸ்காரர்களுக்குப் பக்கத்தில், தொப்பியும் கோட்டும் டையுமாகப் பழைய துப்பறியும் படத்திலிருந்து இறங்கி வந்தவர் போல ஒருவர் நடக்கிற படம் வந்தது. துப்பறிவாளர் வந்துவிட்டார், திருடர்கள் தொலைந்தார்கள் என்று உலகமே கொண்டாடியது. செயற்கை நுண்ணறிவில் செய்த படம் என்று சிலர் சாதித்தார்கள். நானும் வழக்கம்போலத் தோண்டினேன். அது பதினைந்து வயதுப் பையன். குடும்பத்தோடு அருங்காட்சியகம் பார்க்க வந்திருக்கிறான், மூடிவிட்டார்கள் என்று தெரிந்து அந்தப் பக்கம் நடந்திருக்கிறான். துப்பறியும் கதைகள் பிடிக்குமாம், அதனால் பள்ளிக்கூடத்துக்கே அப்படித்தான் உடுத்திக்கொண்டு போவானாம். படம் பரவியதும் தான் யார் என்று உடனே சொல்லாமல், மர்மம் கொஞ்சம் நீடிக்கட்டும் என்று சில நாள் காத்திருந்திருக்கிறான். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. நண்பனுக்கு அப்படியே அனுப்பினேன், கட்டுரை எதுவும் சேர்க்காமல்.